உம்மாவுக்குப் பால் கொடுத்தது யார்?

“படிச்ச புள்ளையெண்டு பாத்தா, பேஸ்புக்ல போய் ஊரானுகள்ட்ட உம்மா குடிச்ச பாலப் பத்திக் கேட்கப் போறியா? அது என்ன பால்மாப் பைக்கட்டா, பின்னால எழுதி இருக்கிறதுக்கு?”

சொன்னவர் என் சாச்சா, வாப்பாவின் தம்பி. எனக்குப் பேசியிருந்த கலியாணச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். வாப்பாவும் சிரிக்கப் பார்த்தார். சமையலறை வாசலில் உம்மா நிற்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. குழுவில் போட வேண்டிய கேள்வியைக் கைபேசியில் எழுதி முடித்து, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை நுரைச்சோலைக்காரர். அனல்மின் நிலையத்தில் மின்சார வேலை. வீட்டில் கடைசிப் பிள்ளை. அவருடைய உம்மா சில வருடங்களுக்கு முன் மௌத்தாகிவிட்டார். அதனால் பெண் பார்க்க வந்தபோது முன்னால் நின்று கதைத்தது அவருடைய மூத்த ராத்தா, பெரிய அக்காதான். நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று அன்றைக்கே பேசி முடித்தார்கள். எழும்பப் போகிற நேரத்தில், எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த ராத்தா சொன்னார்:

“நாங்களும் ஒண்டும் பெரிய ஆக்கள் இல்ல. எங்கட உம்மாவும் தீவு வாடியில கெடந்து கஷ்டப்பட்டவங்கதான். மூத்த நானா கைப்புள்ளையா இருக்கக்குள்ள.”

உம்மா வட்டிலாப்பத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததை மறுபடியும் மேசையில் வைத்தார். “எந்தத் தீவு?” என்று கேட்டார். ராத்தா சொன்னார். அது கற்பிட்டிக்கு அப்பால் உள்ள தீவு; என் உம்மா பிறந்த தீவு. நானா என்று அவர் சொன்ன மூத்த அண்ணனுக்கும் உம்மாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

வாடி என்றால் மீன்பிடிப் பருவத்துக்கு மட்டும் கரையில் கட்டும் ஓலைக் குடிசைகள். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். ஆண்கள் கடலுக்குப் போக, பெண்கள் கருவாடு போடுவார்கள். சோளகக் காற்று தொடங்கியதும் ஓலையைக் கழற்றிக்கொண்டு ஆளுக்கொரு ஊருக்குப் பிரிந்துவிடுவார்கள். உம்மா அப்படியொரு வாடியில் பிறந்தார். பெற்றவர் சில நாட்களிலேயே காய்ச்சலில் போய்விட்டார். பக்கத்துக் குடிசைப் பெண்கள் பால் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். பருவம் முடிந்ததும் உம்மாவின் வாப்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புத்தளத்துக்கு வந்து உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் கடைசிவரை சொன்னது “வாடிப் பொம்புளையள் பால் குடுத்தாங்க” என்பது மட்டும்தான். எந்தப் பெண் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடம் சேருமுன்பே அவரும் மௌத்தாகிவிட்டார்.

எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவரும் தாய்தான். அவர் பெற்ற பிள்ளைகள் எல்லோரும், எத்தனை வருடம் கழித்துப் பிறந்தாலும், பால் குடித்த பிள்ளைக்கு உடன்பிறப்புகள். மாப்பிள்ளையின் உம்மா என் உம்மாவுக்குப் பால் கொடுத்திருந்தால், மாப்பிள்ளை என் உம்மாவுக்குத் தம்பி. உம்மாவின் தம்பியை நான் மணக்க முடியாது.

மௌலவியிடம் வாப்பாவும் சாச்சாவும் போய்க் கேட்டார்கள். இரண்டு வயதுக்குள், பசி தீர ஐந்து தடவை குடித்திருப்பது உறுதியானால் ஹராம். வெறும் சந்தேகம் என்றால் தடையில்லை, ஆனாலும் பேணுதலுக்காக அந்தச் சம்பந்தத்தை விட்டுவிடுவது நல்லது என்றாராம். சாச்சா இந்தப் பதிலின் முன்பகுதியையும் கடைசியையும் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார்.

“சந்தேகமெண்டா தடை இல்லண்டு மௌலவியே சொல்லிட்டாரு. நீ ஏன் போய் அந்தச் சந்தேகத்தத் தெளிவாக்குற?”

“தெரியாமலே முடிச்சிட்டு, பொறகு தெரிஞ்சா சாச்சா?”

“தெரியாது. யாரு சொல்லப் போறா? எல்லாரும் மண்ணுக்குள்ள.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கும் அந்தச் சம்பந்தம் வேண்டும் என்றிருந்தது. மாப்பிள்ளையும் நானும் சில தடவைதான் கதைத்திருந்தோம். படிப்பை நிறுத்துவீங்களா என்று அவர் கேட்கவில்லை. கம்பஸ் விட்டு வரும் பஸ் எத்தனை மணிக்குப் பாலாவியில் நிற்கும் என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் பல நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். உம்மாவுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியதே நான்தான். கேட்டால் விடை கிடைக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டு, அதன் மேல் பாய் விரித்துக் குடும்பம் நடத்த எனக்கு ஏலாது. அனுப்பினேன்.

கற்பிட்டிப் பக்கத்து ஆட்கள் பழைய படங்களும் பரம்பரைக் கதைகளும் போடுகிற முகநூல் குழு அது. உலகமெல்லாம் இருக்கிறார்கள். உம்மாவின் வாப்பாவுடைய முழுப் பெயரையும், அவருடைய வாப்பாவின் பெயரையும் எழுதி, இவரை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டிருந்தேன். இரண்டு நாளாக யாரும் அறியவில்லை. ஒருவர் மட்டும் ரோஜாப்பூப் படம் போட்டு ஜும்ஆ வாழ்த்துச் சொன்னார்.

உம்மாதான் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வாடியில யாரு, மகள், முழுப் பேரு சொல்ற? எந்தச் சம்மாட்டிட ஆளுண்டுதான் கேப்பாங்க.”

சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் வைத்திருப்பவர். அவரிடம் வேலை செய்கிறவர்களுக்கு வாடியில் அவருடைய பெயர்தான் முகவரி. பள்ளிக்கூடத்துப் படிவம் நிரப்புகிற மாதிரி நான் எழுதியிருக்கிறேன். மறுபடியும் எழுதினேன்: இன்ன சம்மாட்டியின் ஆட்கள், இந்தத் தீவு, பிள்ளை பெற்று இறந்த பெண், அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்கள். சம்மாட்டியின் பெயர் உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கலியாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

அன்று பின்னேரத்துக்குள் பதில்கள் குவிந்தன. சம்மாட்டியின் பேரன் ஒருவர் கட்டாரிலிருந்து தன் குடும்பப் பெருமையை நீளமாக எழுதினார். “சகோதரி, இதெல்லாம் பொம்புளப் புள்ள பொதுவுல கேக்குற விஷயமா?” என்றார் ஒருவர். “பால் உறவு தேடுறாங்கண்டா எங்கயோ கலியாணம் பேசி இருக்கு” என்றார் இன்னொருவர். அதன் கீழே, கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரே தட்டில் உண்ணும் விருந்தைக் கேட்டு, “சஹன் சோறு போடுவாங்களா? நாங்க ஆறு பேரு ரெடி” என்று ஒரு பொடியன். அதற்கு எண்பது பேர் சிரித்திருந்தார்கள்.

அந்தச் சிரிப்பு நுரைச்சோலைக்கும் போய்விட்டது. அடுத்த நாள் காலை மாப்பிள்ளையின் ராத்தா என்னை அழைத்தார். ஸலாம்கூடச் சொல்லவில்லை.

“மௌத்தான எங்கட உம்மாவ நீங்க ஊருக்கெல்லாம் காட்சிக்கு வெச்சிருக்கிங்க.”

“நான் அவங்கட பேரு எழுதல்ல ராத்தா.”

“எழுதத் தேவல்ல. ஊருக்குக் கணக்குத் தெரியும். படிச்ச திமிரு உங்களுக்கு. எங்கட தம்பிய வேணாமெண்டா நேரா சொல்லுங்க.”

வேணும் என்றுதான் கேட்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். துண்டித்துவிட்டார்.

பிறகு மாப்பிள்ளை அழைப்பு எடுத்தார். வேலைத்தளத்தில் நின்றிருக்க வேண்டும், பின்னால் இரைச்சல்.

“அந்தப் போஸ்ட அழிச்சிட்டீங்கண்டா ராத்தா சரியாகிடுவா.”

“நீங்க சொல்லுங்க. அழிக்கவா?”

அவர் இரைச்சலை விட்டுத் தள்ளி நடப்பது கேட்டது. பிறகு, “வேணாம். எனக்கும் தெரியணும். ஆனா உங்களப் போல கேட்க எனக்கு ஏலாது” என்றார்.

சாச்சா ஒவ்வொரு நாளும் வந்து, நான் அழித்துவிட்டேனா என்று வாப்பாவிடம் கேட்டார். என்னிடம் கதைப்பதை நிறுத்தியிருந்தார். வாப்பா என்னைப் பார்ப்பார், நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதை இன்னும் எத்தனை நாள் தள்ளிப்போடுவது என்று இருவரும் முற்றத்தில் நின்று மெதுவாகக் கதைப்பார்கள். என் கைபேசி சத்தம் போடும்போதெல்லாம் உம்மாவின் கை ஒரு கணம் நின்றது.

அந்தக் கிழமை முடிவதற்குள் இத்தாலியிலிருந்து ஒரு பெண் எழுதினார். ஆங்கில எழுத்தில் தமிழ். தன் அம்மா தலவிலவில் இருப்பதாகவும், கத்தோலிக்க வேதக்கார ஆட்கள் என்றாலும் அந்தச் சம்மாட்டியின் வாடிக்குத்தான் போனார்கள் என்றும், செத்துப்போன முஸ்லிம் பெண்ணின் பிள்ளையைப் பற்றி அம்மா இப்போதும் கதைப்பார் என்றும். “சீக்கிரம் போங்க தங்கச்சி. அம்மாவுக்குச் சுகமில்ல. வீடியோவுல சரியாக் கதைக்க மாட்டா.”

“போய்ட்டு வாங்க. ஆனா கெழவி என்ன சொன்னாலும் மொதல்ல எனக்குச் சொல்லணும். வேற ஒருத்தருக்கும் இல்ல,” என்றார் சாச்சா.

நானும் உம்மாவும் கற்பிட்டி பஸ்ஸில் ஏறினோம். பாலாவி தாண்டியதும் மாப்பிள்ளைக்கு எழுதினேன், எங்கே போகிறோம் என்று. நுரைச்சோலையில் புகைபோக்கி தெரியத் தொடங்கியபோது பதிலாக ஒரு படம் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது: தலை மூடிய ஒரு பெண், நேராகப் பார்க்கிறார். அவருடைய உம்மா. கலியாணம் நின்றுபோக அது ஒன்றே போதும் என்று தெரிந்துதான் அனுப்பியிருந்தார்.

தலவிலவில் தேவாலயத் திருவிழாக் காலம் இல்லாததால் தெருவே வெறுமையாக இருந்தது. அந்த அம்மா பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து சிங்கள நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இத்தாலியிலிருந்து சொல்லியிருக்கிறார் போலும். எங்களைக் கண்டதும் மருமகள் சத்தத்தைக் குறைத்தார். உம்மாவைக் கூர்ந்து பார்த்துவிட்டு அந்த அம்மா, “அனே, நீயா பிள்ளை? நீ பிழைப்பாயெண்டு நாங்க ஒருத்தரும் நினைக்கேல்ல,” என்றார்.

நான்தான் கேட்டேன், பால் கொடுத்தது யார் என்று.

“நானும் வெச்சுப் பாத்தன். என்ட பெடியனுக்கு அப்ப நடக்கிற வயசு, எனக்குப் பால் வத்திப்போச்சு. அடுத்த குடிசையில உங்கட ஆக்கள் ஒருத்தி இருந்தவ. கைப்பிள்ளைக்காரி. அவதான் ரெண்டு பக்கமும் ரெண்டையும் போட்டுக்கொண்டு இருப்பா. கருவாடு காய வைக்கக்கூட எழும்ப ஏலாது அவளுக்கு. நாங்க பகிடி பண்ணுவம், பசு மாடெண்டு.”

“எத்தின நாளைக்கு?” என்று கேட்டேன்.

“நாளா? வாடி கழட்டும் வரைக்கும். இவளிட அப்பா இவளத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில ஏறக்குள்ள அவ கரையில நிண்டு அழுதவ.”

கைபேசியை அவர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தார்.

“இவதான். கிழவியாப் போனாவே. எங்க இருக்கிறா?”

“மௌத்தாகிட்டாங்க.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். உம்மா என் கையிலிருந்து கைபேசியை வாங்கினார். அந்தப் படத்தை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை. பஸ்ஸில் நான் காட்டவில்லை. பெற்றவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. திரை அணைந்தது. அதை எப்படி மறுபடி வரச் செய்வது என்று தெரியாமல் விரலால் தடவினார்.

“மகள், லைட்ட போடு. இன்னொருக்கா.”

போட்டுக் கொடுத்தேன். அணைந்ததும் மறுபடியும் நீட்டினார். அழ வேண்டியது நான் என்று எனக்குள் ஒரு கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வைத்திருக்க முடியவில்லை. ஐந்தாறு தடவை போட்டுக் கொடுத்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்று மாப்பிள்ளைக்கு அழைப்பு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். அந்த அம்மா சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்து வைத்துவிடப் போனேன்.

“உம்மா பக்கத்துல இருக்காங்களா? குடுங்க,” என்றார்.

என்ன கேட்டார் என்று தெரியாது. உம்மா முதலில் “ஓம்” என்றார். பிறகும் “ஓம்” என்றார். பிறகு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, “ஓம் தம்பி, நான் ராத்தாதான்,” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் சாச்சா அழைத்துக்கொண்டே இருந்தார். நான் எடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்தால், கிழவிக்கு மறதி என்று ஊருக்கு ஒரு கதை கட்ட, பஸ் பாலாவிக்கு வருமுன் அவருக்கு நேரம் போதும். மாப்பிள்ளையின் ராத்தாவுக்கு இதைத் தம்பி சொன்னால் என் சூழ்ச்சி என்பார். முகநூலில் பார்த்தால் அவமானம் என்பார். என் வாயால், நேரே, உம்மாவை வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

நுரைச்சோலைச் சந்திக்கு முன்னால் மணியை அடித்தேன்.

“எங்கட இடம் இன்னும் வரல்லியே,” என்றார் உம்மா.

“இறங்குங்க உம்மா.”

வெயிலில் சற்று நடக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டு நீல நிறக் கேட். உள்ளே யாரோ மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும்வரை காத்திருந்து தட்டினேன். ராத்தா கதவைத் திறந்து என்னைக் கண்டதும் முகத்தை இறுக்கினார். ஸலாம் சொல்லிவிட்டு, நான் ஒதுங்கி, உம்மாவை முன்னால் விட்டேன்.