நான்கு முறை கன்று போட்ட என் மாடு

குப்பைக் கூடையில் கிடப்பதைப் படிக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குப் படிக்கத் தெரியும் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன்.

மல்லசமுத்திரத்தில் டவுன் பஸ் ஏறினால் இருபது நிமிஷத்தில் எங்கள் ஊர். அங்கே அரசு கால்நடை மருந்தகத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. பகுதி நேரம். எந்த நேரம் அந்தப் பகுதி என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. விடியக்காலை போவேன், இல்லையென்றால் வெயில் தாழப் போவேன். தரை சுத்தமாக இருந்தால் போதும். ஆள் வந்தால் துடைப்பத்தோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன், அவ்வளவு கூச்சம். பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அதில் இருக்கும் சௌகரியத்தை நான் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

போன மாசியில் டாக்டரம்மாவின் மேசைக்கு அடியில் இருந்த கூடையில் கசங்கிய தாள் ஒன்று கிடந்தது. “குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பணியைத் தொடர இயலாமல்” என்று தொடங்கி அதோடு நின்றிருந்தது. அடுத்த வாரம் இன்னொன்று, இரண்டு வரி கூடுதலாக. நான்காவது தாளில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

எங்கள் ஊரில் டாக்டர் தங்குவது அபூர்வம். ஒருவர் வருவார், நாற்காலியின் தூசியைத் தட்டுவார், ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார், மாறுதலுக்கு மனுப் போடுவார். அப்புறம் மாதக்கணக்கில் பூட்டுத்தான். வயிறு ஊதின மாட்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய், பாதி வழியில் வெறுங்கயிற்றோடு திரும்பினவர்கள் இருக்கிறார்கள். இந்த டாக்டரம்மா மட்டும்தான் இரண்டு வருஷம் தாண்டி நின்றது.

அந்தம்மாவுக்கு வீடு சேலத்தில். கைக்குழந்தை. மாமியாருக்கு மில்லில் மத்தியான ஷிப்டு, அதுவரைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். மருந்தகமோ காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, மறுபடி மூன்றிலிருந்து ஐந்து என்று போர்டு போட்டது. மூன்று மணிக்கு அங்கே ஈ கூட வராது. மாடு கட்டும் கம்பிக் கூண்டுக்குள் நாய் படுத்திருக்கும். அதனால் டாக்டரம்மா ஆறு மணிக்கே ஸ்கூட்டரில் வந்து, பன்னிரண்டு வரை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும். ஊருக்கும் அதுதான் தோதாக இருந்தது. போர்டுக்கு மட்டும்தான் ஆகவில்லை.

அந்த ஓட்டையை அடைத்தவர் எங்கள் உதவியாளர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த பயந்த மனிதர். ஆபீசை விட்டு யார் எங்கே போனாலும் எழுதி வைக்க நடமாட்டப் பதிவேடு என்று ஒரு நோட்டு உண்டு. அதில் தினமும் மத்தியானம் டாக்டரம்மா தடுப்பூசி முகாமுக்குப் போனதாக, கோழி முகாமுக்குப் போனதாக எதையாவது அவர் எழுதி வைப்பார். யோசனை வறண்ட நாளில் என் பக்கம் திரும்புவார்.

“ஆயா, இன்னிக்கு எந்த மாட்டை எழுதட்டும்?”

அடுத்தவர் மாட்டைப் பொய்க்கு இழுக்க எனக்குக் கூச்சம். “என் மாட்டையே எழுதிக்குங்க” என்பேன். அவர் “கன்று ஈனல்” என்று எழுதுவார். முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

பங்குனியில் ஒருநாள் மூன்று மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் நாமக்கல்லில் இருந்து வந்த மேலதிகாரி. நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

“டாக்டர் எங்கே?”

“இப்பத்தானுங்க ஐயா கெளம்புனாங்க. பிரசவக் கேசுங்க.”

அதிகாரி நோட்டை வாங்கினார். அவருக்குப் பக்கம் திருப்பும் பழக்கம் இருந்தது.

“இந்த மாசம் நாலு தரம் கன்று ஈனல். நாலும் ஒரே மாடு. சொந்தக்காரர்னு இருக்கிற இடத்துல ‘ஆயா’ன்னு போட்டிருக்கு. யாருய்யா ஆயா?”

உதவியாளர் கண்ணைக் கதவுப் பக்கம் ஓட்டினார்.

“வெளியே வாங்கம்மா. அந்த மாட்டைக் கொஞ்சம் ஓட்டிட்டு வாங்க. மாசத்துக்கு நாலு கன்னு போடுற மாட்டை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை.”

ஓட்டி வந்தேன். கிழட்டு மாடு, நடக்கவே யோசிக்கும். அவர் கொம்பைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“இது கடைசியாக் கன்னு போட்டு எத்தனை வருஷமாச்சு?”

“அஞ்சு இருக்குமுங்க.”

உதவியாளர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா எழுதினால் டாக்டரம்மாவின் ஐந்தாவது தாளில் கையெழுத்து விழுந்துவிடும் என்று எனக்குப் பட்டது. அப்புறம் மறுபடியும் பூட்டு, டெம்போ, வெறுங்கயிறு. எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை.

“சாமி, மூணு மணிக்கு எந்த மாடுங்க வரும்? வெளியில இருக்கற போர்டை மாடு படிக்குமுங்களா? பாலைக் கறந்து சொசைட்டில ஊத்திப்போட்டு, மேய்ச்சலுக்கு ஓட்டறதுக்கு முன்னால ஆறு மணிக்குத்தானுங்க வரும். அந்தம்மா அப்பவே வந்து நிக்கறாங்க. மத்தியானம் கொழந்தையப் பாக்க ஊட்ல ஆளில்லீங்க. அவங்க வேலைய உட்டுப்போட்டுப் போறேன்னு நாலு காயிதம் எழுதிக் கசக்கிட்டாங்க. கோழித் தீவனக் கம்பெனிக்காரங்க, ஊட்லயே உக்காந்து கம்ப்யூட்டர்ல பாருங்கன்னு கூப்புடறாங்களாம். அவங்க போயிட்டா இந்த நாற்காலில நீங்கதானுங்க உக்காரோணும்.”

“காயிதம் எழுதினது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கூட்டறவளுக்குத் தெரியாதுங்களா?”

அவர் பேனாவை மூடினார். “சரி. மாடு வருதா இல்லையான்னு அஞ்சு மணி வரைக்கும் இங்கேயே இருந்து பார்க்கிறேன்.”

இருந்தார். ஒரு கோழி வந்தது, அதுவும் வழி தவறி. திருச்செங்கோடு பஸ் போய்விட்டதா என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். மூன்றே முக்காலுக்கு அதிகாரியின் தலை தொங்கிவிட்டது. ஐந்து மணிக்கு விழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“காலையில ஆறு மணிக்கு வரேன். யாரும் யாருக்கும் போன் பண்ணக் கூடாது.”

உதவியாளர் போனைத் தொடவில்லை. என்னிடம் போனே கிடையாது. சாயங்காலம் பால் சொசைட்டிக்கு நடந்து போனேன். நான் வாயைத் திறந்து “நாளைக்குக் காத்தால பெரிய டாக்டரு வராராமா” என்றதும், பேசியது நானா என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

விடிந்தபோது வரிசை தார் ரோடு வரை நின்றது. நோய் வந்த மாடு, நோய் போன மாடு, நோய் என்றால் என்னவென்று தெரியாத மாடு எல்லாம் வந்திருந்தன. டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து ஜீப்பைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போய்க் கைப்பைக்குள் கையை விட்டது. தாளை வெளியே எடுப்பதற்குள் அதிகாரி கத்தினார்.

“அதெல்லாம் அப்புறம். முதல்ல அந்த எருமையைப் பிடிங்கம்மா!”

முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார். எட்டு மணிக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு வெள்ளாட்டைப் பார்த்து நின்றார்.

“இதை இப்பத்தானே பார்த்தேன்?”

“அது இதோட அக்காளுங்க” என்றாள் ஆட்டுக்காரி, கண் சிமிட்டாமல். அதிகாரி ஆட்டுக்கு இரண்டாம் முறையும் ஊசி போட ஓங்கினார். டாக்டரம்மாதான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தது. அப்போதுதான் இருவரும் சிரித்தார்கள்.

போகும்போது ஆய்வுப் பதிவேட்டில் அரைப் பக்கம் எழுதினார். கால்நடை வளர்ப்போர் வசதிக்காகக் காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை, மத்தியானம் அவசரத்துக்குப் போனில் என்று மேலிடத்துக்குச் சிபாரிசு. உதவியாளரிடம் “இனிமே எந்த மாட்டையும் பிரசவத்துக்கு அனுப்பாதீங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். உத்தரவு வர ஆனி ஆகிவிட்டது. வந்தது. போர்டை மாற்றி எழுதினார்கள்.

உத்தரவு வந்த அன்றைக்குக் கூடையில் ஐந்தாவது தாள் கிடந்தது. கையெழுத்துப் போட்டிருந்தது. எட்டாகக் கிழித்திருந்தது. ஒட்டிப் படிக்க எனக்குத் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்தது என்று இருந்தேன். ஆடியில் தலைமை ஆபீசில் இருந்து ஒரு கவர் வந்தது. உதவியாளர் நோட்டில் எழுதியதை அப்படியே மாத அறிக்கையிலும் அனுப்பியிருக்கிறார். கவருக்குள், புதிதாகப் பிறந்த கன்றுகளுக்கு மாட்டச் சொல்லி நம்பர் போட்ட மஞ்சள் காது வில்லை நான்கு. டாக்டரம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தது.

“ஆயா, இதை என்ன பண்றது?”

“கொடுங்க சாமி. கன்னு வந்தா மாட்டிக்கலாம்” என்றேன்.

என் மாட்டுக் கட்டுத்தரை ஆணியில் நான்கும் தொங்குகின்றன. மாடு தீனி தின்றபடியே அவ்வப்போது அண்ணாந்து பார்க்கிறது.