இருபத்தைந்தாம் தேதி கடை மூடியிருக்கும்

ரிப்பன் அக்காவுக்குக் கிறிஸ்துமஸ் சீசன் பிடிக்காது. அதை யாரிடமும் சொல்ல அவர் தயங்கியதும் இல்லை. பரிசுப் பெட்டிகளுக்கு வண்ணத்தாள் சுற்றி ரிப்பன் கட்டுவதுதான் பத்தொன்பது வருடமாக அவருடைய வேலை என்பதால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அக்கா சிரிக்க மாட்டார்.

எங்கள் கடை நான்கு மாடி. கைக்குட்டையிலிருந்து கட்டில் வரை எல்லாம் கிடைக்கும். தரைத்தளத்தில், வெளியே போகும் வாசலை ஒட்டி அக்காவின் பேக்கிங் கவுன்ட்டர். அதற்குப் பக்கத்தில் பில் போடுகிறவள் நான். ஆறு வருடம் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன். ஒரு பெட்டிக்கு எவ்வளவு தாள் வேண்டும் என்று அவர் அளந்து நான் பார்த்ததே இல்லை. பெட்டியை ஒருமுறை பார்ப்பார், தாளை இழுப்பார், வெட்டுவார். விரல் அகலம்கூட மிஞ்சாது.

எங்கள் கடையில் கிறிஸ்துமஸ் அக்டோபரிலேயே வந்துவிடும். வாசலில் பிளாஸ்டிக் மரம் நிற்கும். அதன் கீழே அடுக்குவதற்கு இருநூறு காலி அட்டைப்பெட்டிகளை அக்காதான் சுற்றித் தர வேண்டும். "உள்ள ஒண்ணும் இல்ல, வெளியில ஜரிகை. இந்த சீசனை இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது" என்பார். பிறகு பாட்டு ஆரம்பிக்கும். மொத்தம் பதினான்கு பாட்டு, நாற்பத்திரண்டு நிமிடத்தில் ஒரு சுற்று. ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை. மணியடிக்கும் பாட்டு வரும்போதெல்லாம் அக்கா டேப்பைக் கடித்து இழுப்பார். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தாலும் அப்படித்தான்.

ஜனவரியில் அவரை ரிட்டர்ன் கவுன்ட்டரில் உட்கார வைப்பார்கள். டிசம்பரில் அவர் சுற்றிக் கொடுத்த அதே பெட்டிகள் திரும்பி வரும். பாதி பெட்டிகள் சரியாகப் பிரிக்கப்பட்டுக்கூட இருக்காது. ஒரு மூலையைக் கிழித்து, என்னவென்று எட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்திருப்பார்கள். ஒருமுறை ஓர் அம்மாள் சுற்றிய சுற்றுக் கலையாமல் ஒரு பெட்டியை நீட்டினார். "என் நாத்தனார் குடுத்தது. என்ன இருந்தாலும் சரி, மாத்திக் குடுத்துடுங்க" என்றார். அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை.

நான் நேர்மாறு. எனக்குக் கிறிஸ்துமஸ் உயிர். என் இரண்டு பெண்களும் சர்ச்சில் பாடுவார்கள். அக்கா எதிரில் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் அவர்தான் கேட்பார்: "சின்னவ இந்த வருஷம் முன்வரிசையா? பல்லு விழுந்துடுச்சுன்னு அழுதாளே, பாடுறாளா?" அவருக்குப் பிடிக்காதது கடையின் கிறிஸ்துமஸ். என் வீட்டுக் கிறிஸ்துமஸோடு அவருக்கு எந்தச் சண்டையும் இல்லை.

போன வருடம் நவம்பர் கடைசி வாரத்தில் ஊழியர் அறைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி கடை வழக்கம்போலத் திறந்திருக்கும், யாருக்கும் விடுப்பு கிடையாது. வருடம் முழுக்க எங்களுக்குக் கதவடைக்கும் ஒரே நாள் அதுதான். துணிப்பிரிவில் ஒரு பெண் நின்ற இடத்திலேயே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் பெண்களிடம் எப்படிச் சொல்வது என்பதிலேயே மனது சுற்றிச் சுற்றி வந்தது.

அக்கா நோட்டீஸை இரண்டு முறை படித்தார். பிறகு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் தெரியாது.

மேனேஜர் நல்ல மாதிரிதான். வயது முப்பத்தைந்துக்குள். எதைச் சொன்னாலும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத்தான் சொல்வார்.

"சார், இருபத்தஞ்சாம் தேதி எதுக்குத் திறக்கணும்?"

"கஸ்டமர்ஸ் கேக்கறாங்கக்கா. அவங்களுக்காகத்தானே கடை."

"எந்தக் கஸ்டமர் சார்? என் டேபிள் முன்னாடி தினம் நூறு பேர் நிக்கிறாங்க. ஒருத்தர் கூட இதைக் கேக்கலையே."

"உங்ககிட்ட எதுக்குக் கேக்கப்போறாங்க?"

"அப்ப நான் அவங்களைக் கேக்கட்டுமா?"

மேனேஜர் சிரித்துவிட்டார். "கேளுங்க, கேளுங்க. வேண்டாம்னு சொல்றவங்ககிட்ட எல்லாம் எழுதி வாங்கிட்டு வாங்க. அப்ப பாக்கலாம்."

கேலியாகத்தான் சொன்னார். அக்கா அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

அவர் கவுன்ட்டருக்கு அடியில் அச்சுப் பிசகிய தாள்சுருள் ஒன்று கிடந்தது. பாதி மணிகள் தலைகீழாக விழுந்திருந்ததால் குப்பைக்குப் போக வேண்டியது. பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதை எடுத்து மேசை ஓரத்துக் கம்பியில் மாட்டினார். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'திறந்தால் வருவேன்'. வலப்பக்கம் 'மூடிவிடுங்கள்'. ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

ஒரு பெட்டியைச் சுற்ற அவருக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் வாங்கியவர் சும்மா நின்று விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா தலை நிமிராமல் கேட்பார்: "இருபத்தஞ்சாம் தேதி கடை திறந்தா வருவீங்களா?" சிலருக்குப் புரியாது. "அன்னிக்குமா திறக்கறீங்க?" என்பார்கள். "திறக்கச் சொல்லி நீங்க கேட்டீங்களாமே" என்பார் அக்கா. "நானா?" என்று பதறிப்போய்ப் பேனாவை எடுப்பார்கள்.

ஒருவரையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பெரியவர், "வீட்டுல தனியா இருக்கேன், கடை திறந்திருந்தா நாலு முகத்தைப் பாக்கலாம்" என்றார். "அப்ப இடதுபக்கம் போடுங்கய்யா" என்று அக்காவே காட்டினார். நான் முறைத்தேன். "பொய்க் கணக்கு வேண்டாம். உள்ளதை உள்ளபடி கொண்டுபோனாத்தான் எனக்கு வாய் இருக்கும்" என்றார்.

கையெழுத்தோடு சிலர் ஒரு வரியும் எழுதினார்கள். 'நான் நர்ஸ். எனக்கு அன்று டியூட்டி. உங்களுக்காவது லீவு கிடைக்கட்டும்' என்று ஒருத்தி. 'இதையெல்லாம் வாங்கியே களைத்துவிட்டோம், ஒருநாள் எங்களையும் விட்டுவிடுங்கள்' என்று இன்னொருவர். அதைப் படித்த அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். டிசம்பரில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டிசம்பர் பதினைந்தாம் தேதி வரைக்கும் மேனேஜர் கண்டுகொள்ளவில்லை. அன்று தற்செயலாகக் கவுன்ட்டர் பக்கம் வந்தவர் சுருளின் தடிமனைப் பார்த்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது.

"என்னக்கா இது? விளையாட்டுக்குச் சொன்னா இப்படியா?"

"நீங்கதானே சார் எழுதி வாங்கச் சொன்னீங்க."

"இதைத் தூக்கிக் குப்பையில போடுங்க. நாளையிலேருந்து நீங்க கீழ ஸ்டோர் ரூம்ல லேபிள் ஒட்டுங்க. போதும்."

 அக்கா ஏப்ரனைக் கழற்றி மடித்துவைத்தார். போகும்போது என்னை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டே வாழ்ந்தவள் நான். அன்று மேனேஜர் திரும்புவதற்குள் அந்தச் சுருளைக் கம்பியிலிருந்து உருவி என் காலடியில் தள்ளி, மேலே என் கைப்பையை வைத்துவிட்டேன். 

மறுநாள் முதல் பில்லைக் கொடுக்கும்போது என் வாயிலிருந்து தானாக வந்தது: "இருபத்தஞ்சாம் தேதி கடை திறந்தா வருவீங்களா?" மதியத்துக்குள் பக்கத்துப் பில் கவுன்ட்டர்காரியும் கேட்க ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் நான்கு மாடியிலும் கேட்டார்கள். துண்டுத்தாள்களில் கையெழுத்து வாங்கி, இடைவேளையில் கொண்டுவந்து சுருளின் நுனியில் ஒட்டினோம்.

இதற்கிடையில் பேக்கிங் கவுன்ட்டர் சந்தி சிரித்தது. காலுறைப் பிரிவிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? ஒருவர் கால்பந்து ஒன்றை நீட்ட, இரண்டு பேரும் அதை உருட்டி உருட்டி, கடைசியில் முட்டைக்கோஸ் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. "அந்த ரிப்பன் கட்டுறவங்க எங்க?" என்று வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். "கீழ லேபிள் ஒட்டுறாங்க" என்று நான் உரக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மேனேஜரே படியிறங்கி ஸ்டோர் ரூமுக்குப் போனார்.

"அக்கா, மேல வாங்க. சமாளிக்க முடியல."

"வர்றேன் சார். சனிக்கிழமை முதலாளியம்மா வருவாங்கல்ல, அவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் நான் பேசணும். சரின்னா இப்பவே வர்றேன்."

மேனேஜர் அக்கா கையிலிருந்த லேபிளை வாங்கிப் பெட்டிமேல் வைத்தாராம். பிறகு, "பேசிக்கோங்க" என்றாராம். அக்கா மேலே வந்தபோது வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அக்கா கண்டுகொள்ளாத மாதிரி ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

சனிக்கிழமை கடை திறப்பதற்குக் கால்மணி நேரம் முன்பு முதலாளியம்மா அடித்தளத்தில் காரை விட்டு இறங்கி லிஃப்டில் வந்தார். எழுபதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. லிஃப்ட் கதவு திறந்ததும் அவர் காலடியில் தாள் விரிந்திருந்தது. லிஃப்டிலிருந்து செருப்புப் பிரிவைச் சுற்றி, சென்ட் பாட்டில்களைத் தாண்டி, அக்காவின் மேசை வரைக்கும் நீண்டு கிடந்தது.

"என்ன இது?"

"கஸ்டமர்ஸ் சொன்னதும்மா" என்றார் அக்கா. "இருபத்தஞ்சாம் தேதி கடை வேணுமா வேண்டாமான்னு கேட்டோம். வேணும்னவங்க முப்பத்தொரு பேர். வேண்டாம்னவங்க ரெண்டாயிரத்து நானூத்திப் பதினேழு பேர்."

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். குனிந்து குனிந்து படித்தார். நர்ஸ் எழுதிய இடத்தில் நின்றார். பெரியவர் இடதுபக்கம் எழுதியதையும் படித்தார். நாங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றோம். மேசைக்கு வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது.

"உனக்குக் கிறிஸ்துமஸ்னா அவ்வளவு ஆசையா?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஆசையா? எனக்கு இந்த சீசனே ஆகாதும்மா. ரெண்டரை மாசம் உங்க மரம், உங்க மணி, உங்க காலிப்பெட்டி எல்லாத்தையும் பொறுத்துக்கறேன். பத்தொன்பது வருஷமா ஒரு பெட்டி கோணலாக் கட்டினதில்ல. ஆனா இவங்களுக்கெல்லாம் அந்த ஒரு நாள் நிஜமான நாள். அதையும் விக்காதீங்க."

முதலாளியம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். "கஸ்டமர்ஸ் கேட்டாங்கன்னு சொன்னீங்களே?"

மேனேஜர் பார்ப்பதற்குத் திரை எதுவும் இல்லை. தரையைப் பார்த்தார்.

"இருபத்தஞ்சாம் தேதி கடை மூடியிருக்கும். சம்பளத்தோட லீவு. வாசல்ல இன்னிக்கே எழுதிப் போடுங்க" என்றார் முதலாளியம்மா. பிறகு அக்காவிடம், "வேற ஏதாவது இருக்கா?"

நானாக இருந்தால் அத்தோடு ஓடிவந்திருப்பேன். அக்கா விடவில்லை.

"அந்த மணியடிக்கிற பாட்டும்மா. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். "எனக்கும் அது தலைவலிதான். மதியத்துக்கு மேல பாட்டே வேண்டாம்" என்றார். அங்கே கூடியிருந்த நான்கு மாடி ஊழியர்களும் போட்ட கூச்சலில் கண்ணாடி அலமாரிகள் அதிர்ந்தன. துணிப்பிரிவுப் பெண் அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். "இறக்குடி, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று அக்கா கத்தினார். அன்று மதியம் பாட்டு நின்றதும் கடை முழுக்க ஓர் அமைதி இறங்கியது. பேக்கிங் தாள் மடங்கும் சரசரப்புகூட என் கவுன்ட்டருக்குக் கேட்டது.

இருபத்தைந்தாம் தேதி காலை என் கணவரும் நானும் பெண்களைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போக பஸ் ஏறினோம். பஸ்ஸில் ஈ காக்கை இல்லை. முன் சீட்டில் மட்டும் ஒருவர் காலை நீட்டி, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். ரிப்பன் அக்கா! பஸ் ஓட்டியது அவர் கணவர்.

"என்னக்கா, வீட்டுல ரெஸ்ட் எடுக்காம?"

"இவருக்கு இன்னிக்கும் டியூட்டி. தனியா ஓட்டப் போறாரேன்னு வந்தேன். ரெண்டு ட்ரிப் ஆச்சு" என்றார்.

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இவ ஊருக்கெல்லாம் லீவு வாங்கிக் குடுத்தா. எனக்கு யாரு வாங்கிக் குடுக்கறது?"

"பஸ்ஸை நிறுத்திட்டா இந்தப் பிள்ளைங்க எப்படிப் போகும்? பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றார் அக்கா.

என் சின்னவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பாடப்போகும் பாட்டை அவருக்குப் பாடிக் காட்டட்டுமா என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். அக்கா அவள் பக்கம் திரும்பினார்.

"மணி கிணி வருமா அதுல?"

"வராது ஆன்ட்டி."

"அப்ப பாடு. நல்லா சத்தமாப் பாடு."

அவள் பாடினாள். தெருவில் ஒவ்வொரு கடையும் கதவடைத்துக் கிடந்தது. அக்கா ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அத்தனையையும் பார்த்துக்கொண்டே வந்தார்.