அரைப்பேர், முழுப்பேர், ஒரு முட்டை

தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் முதலில் ஒரு மூடநம்பிக்கையைத் தகர்க்கக் கடமைப்பட்டவன். "என் நிறை நாற்பது கிலோ" என்று உலகம் சொல்லிக்கொண்டு திரிகிறது. தவறு. நாற்பது கிலோ என்பது திணிவு, உடம்பிலுள்ள பொருளின் அளவு. நிறை என்பது பூமி உங்களைப் பிடித்து இழுக்கும் இழுவை. உயரம் ஏற ஏற அந்தப் பிடி தளரும். ஆகவே நுவரெலியாவுக்கு ஏறிவரும் ஒவ்வொருவருக்கும், கொழும்பில் இருந்ததைவிட நிறை இம்மியளவு குறைகிறது. இந்த உண்மையைப் பதினொரு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். இதுவரை ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

என் வேலை, எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் வந்து மருந்து வாங்கும் சிகிச்சை அறையில். கதவில் பெயர்ப்பலகை கிடையாது, இலக்கம் மட்டும். வருகிறவர்களை நிறுத்து, அட்டையில் எழுதி, சாப்பாட்டைப் பற்றிப் பேசுவேன். அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்தே பிழைக்கும் சகபாவிகள் யாராவது இருந்தால், இந்தக் குறிப்புகள் உங்களுக்காக.

கழிவு போக

ராஜேஸ்வரி ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவர். வயது நாற்பத்துநான்கு. கணவர் இறந்து மூன்று வருடம். நோய் இன்னதென்று தெரியவருமுன்பே உடம்பு பாதி உருகிவிட்டது. முதல் நாள் தராசில் ஏறினார். முப்பத்தாறு. குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எத்தன கிலோ கழிச்சீங்க?"

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். சொன்ன கிலோ தேறினால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். தேறாவிட்டால் அரைப்பேர். இருபத்தைந்து வருடமாக அந்தத் தராசோடு வழக்காடியவரிடம், இங்கே கழிவே கிடையாது, ஆனால் கம்பளிச் சட்டையையும் கையிலிருக்கும் குடையையும் வைத்துவிட்டு மறுபடி ஏறுங்கள் என்றேன். முப்பத்தைந்து. இதைவிட மோசமான கழிவை அவர் எந்தக் கணக்கப்பிள்ளையிடமும் கண்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஆறு மாதத்தில் மகள் திலகாவுக்குக் கல்யாணம். நோய் விஷயம் திலகாவுக்கு மட்டும் தெரியும். லயத்து வரிசை வீடுகளில் ஏற்கெனவே "இவளுக்கு என்னமோ" என்று பேச்சு. ரவிக்கையை மூன்று தடவை பிடித்துத் தைத்தும் தோளில் நிற்கவில்லை. இந்தக் கோலத்தில் மணவறையில் நின்றால் சம்பந்தி வீட்டார் தோண்டித் துருவுவார்கள், ஆகவே கல்யாணத்தன்று சமையற்கட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று முடிவுசெய்திருந்தார். மருந்தை ஒரு நாளும் விடாமல் போட்டு, ஒழுங்காகச் சாப்பிட்டால் நாற்பத்திரண்டுக்கு வந்துவிடலாம், மணவறையிலேயே நிற்கலாம் என்றேன். அவர் கம்பளிச் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப நாப்பத்திரெண்டு வந்தாத்தான் முழுப்பேராங்க சார்?"

மாத்திரையோடு ஒன்று

அன்று அவருக்கு ஓர் அச்சிட்ட தாளும் கொடுத்தேன். பால், மீன், பருப்பு, கீரை, பழம் எல்லாம் வண்ணப் படங்களாக இருக்கும். மூலையில் அழகான ஓர் ஆனைக்கொய்யா. ஒரு மாதம் கழித்து வந்தார். தராசு அசையவில்லை. தாளை மட்டும் மடிப்புக் கலையாமல் பத்திரமாக வைத்திருந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது. காலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். மத்தியானம் மலையில் அதே ரொட்டி, அதே சம்பல். வீட்டில் கோழி இருக்கிறதா? ரெண்டு இருக்கு. முட்டை? "அது பிள்ளைகளுக்குங்க."

யோசித்தேன். தாய் கையிலிருக்கும் முட்டை பிள்ளையின் தட்டுக்குத்தான் போகும். அதைத் தடுக்க எந்த வண்ணப்படத்தாலும் ஆகாது. மருந்துச் சீட்டை வாங்கி, மாத்திரைக்குக் கீழே, "முட்டை, ஒன்று, தினமும் காலை" என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். "மருந்துன்னா பிள்ளைகளுக்குக் குடுக்க ஏலாதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மருந்து வாங்கப் போனார். சற்று நேரத்தில் மருந்து கொடுக்கும் குமாரி மிஸ் சீட்டோடு வந்து நின்றார். சிங்களம் பேசுகிறவர், தமிழை எங்கள் வரிசையில் நிற்பவர்களிடம் படித்தவர். "சார், நம்ம ஸ்டோர்ஸ்ல முட்ட இல்ல. கொழும்புக்கு எழுதவா?"

ஈரம்

மூன்றாம் மாதம் ராஜேஸ்வரி தராசில் ஏறியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே மாதத்தில் மூன்று கிலோ. முட்டை எழுதிய கையை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். கைப்பைக்குள் ஒன்றரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று, காலியாக. ராகலையிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறியதிலிருந்து குடித்துக்கொண்டே வந்திருக்கிறார். மழைநாளில் கொழுந்து பாரமாக நிறுக்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம்.

அவர் கழிப்பறைக்கு ஓடிப்போய்த் திரும்பி வருவதற்குள், கழிவே கிடையாது என்று வாக்குக் கொடுத்த நானே ஒன்றரைக் கிலோ கழித்து எழுதினேன். மிச்சம் ஒன்றரையும் சொந்தச் சதை. அதைச் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஈரக் கொழுந்துக்குத்தான் கழிப்பாங்க. நீங்க ஆளுக்கே கழிக்கிறீங்களே சார்."

அஞ்சு கிலோ சும்மா கிடக்கிறது

இந்த நோய் உள்ளவர் எலும்பும் தோலுமாகத்தான் இருப்பார் என்று நம்புகிறவர்கள் நஸீர் நானாவைப் பார்க்க வேண்டும். டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் அவரும் தேய்ந்துதான் வந்தார். மருந்து வேலைசெய்து, இரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்கு அடங்கி, பசி திரும்பியது. திரும்பிய பசி பிறகு போகவேயில்லை. இப்போது டாக்டர் அவரிடம் புரியாணியைக் குறைக்கச் சொல்கிறார்.

ஒரு நாள் அவருக்கும் ராஜேஸ்வரிக்கும் ஒரே நேரம் வாய்த்தது. நானா தொப்பியைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார், பையிலிருந்த கைக்குட்டையையும் எடுத்து வைத்தார். பிறகு மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினார். ராஜேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. மூச்சை விட்டுவிட்டு நானா திரும்பினார். "சிரிக்காதீங்க தங்கச்சி. எங்கிட்ட அஞ்சு கிலோ சும்மா கெடக்கு, எடுத்துட்டுப் போங்க." ராஜேஸ்வரி தலையிலிருந்து கால்வரை அவரை ஒருதரம் அளந்தார். "கழிவு போக எவ்வளவு தேறுங்க நானா?"

பொல்பிட்டிய

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு ராஜேஸ்வரி வந்தார். கம்பளிச் சட்டை, குடை, செருப்பு எல்லாவற்றையும் நான் சொல்லாமலே ஓரமாக வைத்தார். போத்தல் இல்லை என்று கைப்பையைத் திறந்தும் காட்டினார். ஏறினார். நாற்பத்தொன்று தசம் ஒன்பது.

இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். குமாரி மிஸ்ஸும் எட்டிப் பார்த்தார். உள்ளதை உள்ளபடி எழுதுவது என் தொழில், எழுதினேன். ராஜேஸ்வரி குடையை எடுத்தார். அப்போதுதான் கேட்டேன், கல்யாணம் எங்கே? மாப்பிள்ளை ஊரில், பொல்பிட்டியவில். பொல்பிட்டிய இங்கிருந்து எவ்வளவோ கீழே. பதினொரு வருடம் கேட்பாரற்றுக் கிடந்த என் விளக்கத்தை, திணிவு, நிறை, பூமியின் இழுவை என்று ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப அங்கன நிறுத்தா கூடுமா?" கூடும், ஆனால் ஒரு பிடிக் கொழுந்தளவுதான், நூறு கிராம் தேறாது என்றேன். குடையைத் திரும்ப ஓரத்தில் வைத்துவிட்டு, அட்டையை என் பக்கம் தள்ளினார். "அந்த ஒத்தப் பிடி போதுங்க சார். முழுப்பேர் போட்டுருங்க."

போட்டேன். பூமி கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் அந்த ஊரில், மணவறையில் மகளுக்குப் பக்கத்தில் நின்று அட்சதை போடக் கையைத் தூக்கியபோது, மூன்று தடவை பிடித்துத் தைத்த ராஜேஸ்வரியின் ரவிக்கை கக்கத்தில் இரண்டு அங்குலம் பிரிந்துவிட்டதாம்.