காதில் கேட்ட வண்டுச் சத்தம்

ஐம்பதுகளின் நடுவில் நான் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தேன். தண்டவாளத்தைத் திருப்பி ரயிலுக்கு வழி விடும் வேலை. கல்யாணமான இரண்டாம் வருஷம் என் மனைவிக்குச் சளியில் ரத்தம் வந்தது. திருவள்ளூரில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துக் காசநோய் என்றார்கள். புதிதாக ஸ்ட்ரெப்டோமைசின் என்று ஓர் ஊசி வந்திருக்கிறது, விடாமல் போட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். அதே நோயில்தான் அவளுடைய அக்கா செத்துப்போயிருந்தாள். அந்த மருந்து அக்காவுக்குக் கிடைக்கவில்லை. இவளுக்குக் கிடைத்தது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பவுண்டர் பாய், பழவேற்காட்டுக்காரர், ஊசி போட்டார். தினமும் காலை ரயிலில் இருவரும் போய்வருவோம். இரண்டாம் மாதம் இருமல் அடங்கியது. அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சொன்னாள்:

“காதுக்குள்ள வண்டு பூந்துக்கினு கத்துற மாரி கீதுங்க. எழுந்து நின்னா தரை சாயுது.”

பாயிடம் கேட்டேன். “பலகீனம்பா. ஊசிய மட்டும் நிறுத்திடாத” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து அவள் ரயிலுக்குக் கிளம்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அந்த ஊசிதாங்க இன்னாமோ பண்ணுது. போட்டுக்கினு வந்தா சத்தம் ஜாஸ்தியாவுது. ரெண்டு நாள் வுட்டுப் பாக்கலாமே.”

“உங்க அக்கா மாரி போய்ச் சேரணுமா?” என்று கத்தினேன்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரயில் ஏற்றினேன். அதன் பிறகு மூன்று வாரம் அவள் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் வேலை முடிந்து வந்து, அரிசி களைந்துகொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்று தரம் கூப்பிட்டேன். தோளைத் தொட்டதும் அலறிவிட்டாள். அரிசியெல்லாம் கொட்டிப்போயிற்று.

மறுநாளே மெட்ராசுக்குக் கூட்டிப்போனேன். காது டாக்டர் ஓர் இரும்புக் கவையை மேஜையில் தட்டி, அது ரீங்கரிக்கும்போதே அவள் காதருகே பிடித்தார். அவள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சைகை காட்டி, அவள் கண்களைக் கையால் மூடினார். வேரறுந்த மரம் போல என் மேல் சாய்ந்தாள்.

“காதுல சத்தம்னு எப்போ சொன்னாங்க?”

“ஒரு மாசம் ஆவுதுங்க.”

“அதுக்கப்புறமும் ஊசி போட்டீங்களா?”

தலையை ஆட்டினேன்.

“அந்த மருந்து சில பேருக்குக் காது நரம்பைக் கெடுத்துடும். அப்பவே நிறுத்தியிருந்தா மிச்சமாவது நின்னிருக்கும். செத்த நரம்பு திரும்ப வராதுப்பா.” ஊசியை நிறுத்தச் சொல்லி, மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், “இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள். அவள் குரல் எவ்வளவு பெரிதென்று அவளுக்கே தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரியாகிவிடும் என்று கையைக் காட்டித் தலையசைத்தேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அவள் அதை நம்பினாள். காலையில் எழுந்ததும் பித்தளைச் சொம்பைக் கரண்டியால் தட்டுவாள். சொம்பைக் காதோடு ஒட்டிவைத்துத் தட்டுவாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் புத்தி பிசகிவிட்டதென்று பேசிக்கொண்டார்கள். நான் இரண்டு தரம் மறுபடியும் மெட்ராஸ் கூட்டிப்போனேன். அதே கவை, அதே பதில்.

மூன்றாம் தரமும் மெட்ராஸ் போக ரயில் பாஸ் வாங்கி வந்தபோது அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“வராது, இல்ல? அன்னிக்கே சொல்லிட்டாரு, இல்ல?”

இந்தத் தடவை என்னால் பொய்யாகத் தலையசைக்க முடியவில்லை.

நெஞ்சு நோய் குணமானது. இன்னும் பதினோரு வருஷம் இருந்தாள். தன் குரலைக் கேட்டு மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையும் விட்டுவிட்டாள். வேண்டியதைச் சைகையில் கேட்பாள். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும், பல நாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். முகத்துக்கு நேரே ஒரு தரமும் கேட்டதில்லை.