‘வீட்டு நிலவரம்’ என்றொரு ஓடை

கதை கட்டத் தெரிந்த ஆள் இல்லை நான். பிறர் எழுதியதில் பிழை திருத்துவது என் தொழில். அன்றைய நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். நடந்ததை அப்படியே தருகிறேன்.

பல இணையதளங்களில் புதிதாக வருவதையெல்லாம் ஒரே பட்டியலாகச் சேர்த்துத் தரும் ஓடை வாசிப்பான் ஒன்று எங்கள் வீட்டில் ஓடியது. திறந்த மூல மென்பொருள். எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டாம். அலமாரியில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி, அதற்கொரு திரை, அவ்வளவுதான். நிறுவித் தந்தவன் எங்களோடு தங்கியிருந்த என் மைத்துனன், மனைவியின் தம்பி.

“நம்ம பெட்டி, நம்ம வீடு. எவனும் எட்டிப் பார்க்க முடியாது அத்தான்.”

ஒரு புதன்கிழமை, நான் சேர்க்காத ஓடை ஒன்று பட்டியலில் இருந்தது. பெயர் ‘வீட்டு நிலவரம்’.

காலை 9.10: அவள் வேலைக்குப் போனாள். மீதி மூவர்.

11.42: அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மூவர்.

மனைவி வேலைக்குப் போனதும் நான் நாற்காலியை இழுத்ததும் உண்மை. ஆனால் வீட்டில் நானும் மைத்துனனும்தான். இரண்டு பேர்.

முகவரியைப் பார்த்தேன். ஓடை வெளியிலிருந்து வரவில்லை. எங்கள் பெட்டியிலிருந்தே வந்தது. அதன் கடவுச்சொல் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

“டேய், கேமரா எங்க வெச்சிருக்க?”

“கேமராவா? உங்க மூஞ்சிய நேர்ல பார்க்கிறதே போதும் அத்தான்.”

“சிரிக்காத. என்னை வேவு பார்க்கச் சொன்னது உன் அக்காவா?”

சிரிப்பு நின்றது. “அக்காவை இழுக்காதீங்க.”

“அப்ப கிளம்பு.”

வாய் தவறிவிட்டது என்று அப்போதே தெரிந்தது. இது அவள் காதுக்குப் போனால் என் குடும்பம் என்னாகும்? ஆனாலும் அவனை நிறுத்தவில்லை. பையோடு போனான். கதவைத் தாழிட்டேன்.

2.36: அவனும் போய்விட்டான். இருவர்.

நான் ஒருவன்தான் இருந்தேன்.

தெருவில் நின்று கைபேசியில் எழுதுகிறானோ? இணையக் கம்பியைப் பிடுங்கினேன். மோடத்தை அணைத்தேன். இனி வெளியிலிருந்து எதுவும் நுழைய வழியில்லை...

2.41: கம்பியைப் பிடுங்கினார்.

2.41: திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

கர்ர்ர்...

2.42: இப்போதும் பார்க்கவில்லை.

ஓடினேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த மைத்துனன் செருப்பில்லாத என் கால்களைப் பார்த்தான். பையைக் கீழே வைத்தான்.

“என்னாச்சு அத்தான்?”

“தப்பு என்மேலதான்டா. அந்த வீட்டுக்கு மட்டும் போக வேண்டாம்.”

போகவில்லை. ஒரு வாரத்தில் வேறு வீடு.

ஆட்கள் ஏற்றிவந்த சாமான்களோடு வந்த பெட்டியை அவன்தான் பிறகு திறந்து பார்த்தான். எழுதியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. பெட்டியை வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் பதிவுகள் அதற்கும் பின்னால் போயின. நாங்கள் குடிவரும் முன், வீடு பூட்டிக் கிடந்த ஐந்து மாதமும் இருந்தன. தினம் ஒரு பதிவு. ஒரே சொல்.

ஒருவர்.

நாங்கள் குடிபுகுந்ததற்கு முந்தின நாள் மட்டும் வேறு.

நாளை நால்வர்.