வளைவுக்கு முன்னால் ஒரு பலகை

ஞானசுந்தரம் அண்ணனைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இன்று என் அடுப்பு எரிகிறதென்றால் அவரால்தான்.

1983. கொழுந்து மூட்டை தூக்கித் தூக்கி என் வீட்டுக்காரர் நல்லுசாமிக்கு இடுப்பு போயிற்று. எஸ்டேட் வேலையும் போயிற்று. ரிங்லெட் ஊருக்கு மேலே மலைரோட்டு வளைவில் கொட்டகை போட்டு, தோசையும் வடையும் தேத்தண்ணியும் விற்க ஆரம்பித்தேன். கடை ஓடாவிட்டால் மாதக் கடைசியில் என் அண்ணன் ஆண்டியப்பன் லோரி கொண்டுவந்து எங்களைத் தாப்பாவில் தன் வீட்டுக்கு ஏற்றிப்போவதாகப் பேச்சு. அண்ணி கையைப் பார்த்துச் சாப்பிடுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கடைப் பலகையை நான்தான் பார்த்துப் பார்த்து எழுத வைத்தேன். வெள்ளைப் பலகை, நீல எழுத்து. உச்சியில் பிள்ளையார் சுழி, கீழே முருகன் துணை, அதற்கும் கீழே மாமனார் ஆசி, எங்கள் இருவர் பெயர், இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்காக ‘அண்ட் சன்ஸ்’. பலகை நிறைந்துவிட்டது. கார்கள் சர்ர்ரென்று போய்க்கொண்டே இருந்தன. வடையெல்லாம் கோழிக்குப் போனது.

ஞானசுந்தரம் அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் பெட்டிகளுக்கு எழுத்துப் போடுகிறவர். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“இவ்வளவு எழுதியிருக்கியே தங்கச்சி, என்ன விக்கிறேன்னு எங்க போட்டிருக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. “சாமி பேர அழிக்கச் சொல்றீங்களா? நீங்க வேதக்காரவுங்க, அப்படித்தான் சொல்வீங்க!”

அவர் கோபப்படவில்லை. “சாமிய உள்ள மாட்டு. சாமிக்கு உன் கடை தெரியும்லா. கார்காரனுக்குத்தான் தெரியல.”

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், வளைவுக்குக் கீழே மதகுக் கட்டையில் உட்கார்ந்து பனியில் கார்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே வந்தார்.

“உன் போர்டு கண்ணுல படுறதுக்குள்ள கடையத் தாண்டிடறான். மேட்டுல எவன் பிரேக் போடுவான்? பனியில வெள்ளப் பலகை தெரியவும் தெரியாது.”

மறுவாரம் தேயிலைப் பெட்டிப் பலகையில் கறுப்புப் பூசி, சாண் உயர மஞ்சள் எழுத்தில், மலாய்க்காரரும் சீனரும் படிக்கும்படி தோசை, வடை, தே பானாஸ் (மலாயில் சூடான தேத்தண்ணி) என்று மட்டும் எழுதி, ஓர் அம்புக்குறியும் போட்டு மதகருகே நட்டார். என் பழைய பலகையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனார்.

“எங்க பேரு எங்கண்ணே?” என்று முணுமுணுத்தேன்.

“பசிக்கிறவனுக்கு உன் பேரு எதுக்கு?”

அந்தச் சனிக்கிழமையே ஈப்போவிலிருந்து வந்த கார் ஒன்று அம்பைப் பார்த்து மெதுவாக ஏறி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. பள்ளி விடுமுறை தொடங்கியதும் எனக்கு மூச்சு விட நேரமில்லை.

மாதக் கடைசியில் சொன்னபடி ஆண்டியப்பன் அண்ணன் லோரியோடு வந்தான். உட்கார இடமில்லை.

“கெளம்பலியா?”

“கண்ணு தெரியல? மொதல்ல அந்தக் கிளாசக் கழுவு!”

கழுவினான். சாயங்காலம் லோரி காலியாக இறங்கியது. அண்ணிக்கு ஒரு பொட்டலம் வடை கொடுத்தனுப்பினேன். நல்லுசாமி அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

மறுநாள் ஞானசுந்தரம் அண்ணன் பழைய பலகையோடு வந்தார். முருகன் துணையைத் தங்க நிறத்தில் புதிதாக எழுதியிருந்தார். பக்கத்தில் சின்னதாக ஒரு வேலும் வரைந்திருந்தார். ‘அண்ட் சன்ஸ்’கூட அப்படியே இருந்தது. அடுப்புக்கு மேலே அவரே மாட்டினார். அவருக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அன்னிக்கு வாய் நீளமாப் பேசிட்டேண்ணே. மன்னிச்சிருங்க. நீங்க நல்லா இருக்கணும்.”

அவர் கிளாசை என் பக்கம் நகர்த்தினார்.

“போர்டுல தே பானாஸ்னு எழுதியிருக்கேன். ஆறிப்போனதக் குடுத்து என் பேரக் கெடுக்காதலா.”