ரோமாபுரி நாவலும் மேலூர் வீடும்

மேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கோரிப்பாளையத்திலிருந்து தினமும் போய்வரும் பஸ்ஸில்தான் என் வாசிப்பெல்லாம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்த நாவலுக்கு அட்டையே இல்லை. பண்டைய ரோமாபுரியில் நடக்கும் மர்மக் கதை, தமிழில் பெயர்த்தது.

மதிய நேரத்தில் ஒரு மாளிகையின் தரைக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது. வீட்டு எஜமானர் மிளகு வாங்கக் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போயிருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் அவர் கிடப்பது அந்தத் தரைக்குக் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டியில். அந்தக் கதையில் நம் ஊர், போனவர்கள் திரும்பி வராத தூரதேசம்.

முடித்த கையோடு எங்கள் நிலையத்தில் ரத்தம் எடுக்கும் பெண்ணிடம் கொடுத்தேன். என்னைவிட இளையவள். கிரானைட் லாரி ஓட்டும் அவள் கணவன் பாதி நாள் தூத்துக்குடி ரோட்டில்தான் இருப்பான். கூலி வேலை பார்த்துப் படிக்கவைத்த பெற்றோருக்கு ஒரே மகள். ஊருக்கு வெளியே, வயலை ஒட்டிய ஒரு வீட்டுக்குக் குழந்தையோடு வாடகைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

பாதி படித்திருந்தவள் ஒருநாள் காலையில் வந்து சொன்னாள். "அக்கா, எங்க வீட்லயும் தட்டுதுக்கா."

சிரித்துவிட்டேன். "கதையைப் படிச்சுப் பயந்துட்டியா?"

"இல்லக்கா. புக்கைத் தொடுறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கேன். எலின்னு நெனச்சேன். இப்பத்தான் காது குடுத்துக் கேக்குறேன். அது எலி இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கால்வாயில் தண்ணீர் விட்டிருந்த சமயம். சுற்றிலும் நடவு வயல்கள் பளபளத்தன. உள் அறையில் டைல்ஸ் தரையில் பாய் விரித்து அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில், ஆனாலும் அந்த அறை மட்டும் குளிர்ந்து கிடந்தது. மும்முனைக் கரண்ட் வந்து பக்கத்து வயலில் மோட்டார் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து டொக் என்றது. அப்புறம் நீண்ட அமைதி. மறுபடி டொக்.

பாயின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தேன். அடுத்த தட்டு என் கையிலேயே வந்து விழுந்தது. யாரோ அந்தப் பக்கமிருந்து கையைத் தட்டிப் பார்ப்பதைப் போல இருந்தது. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு இருவரும் வாசலுக்கு ஓடினோம்.

வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டாள். "அங்க ஒண்ணும் இல்ல தாயி. அது நல்லா மூடுன இடந்தான்" என்றார்.

"மூடுன இடமா? எதை மூடுனீங்க?"

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் நானும் போயிருந்தபோது அவள் கணவன் கொத்தனாரோடு வந்து டைல்ஸைப் பெயர்த்தான். மண்ணுக்கு அடியில் கருங்கல் பலகைகள். குழந்தை படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்த பலகை விரிசல் விட்டிருந்தது. கடப்பாரையால் நெம்பியதும் ஈரக்காற்று முகத்தில் அடித்தது. கை எட்டும் தூரத்தில் கறுப்பாகத் தண்ணீர். கிணறு. ஊற்று பெருகி நீர் மேலே வந்து, அதில் மிதந்த பெரிய கட்டை ஒன்று பலகையை முட்டிக்கொண்டிருந்தது. கட்டையைச் சுற்றி ஒரு சேலை. நிறமெல்லாம் போய், கரை மட்டும் சிவப்பு.

அதற்குள் வந்து சேர்ந்த வீட்டுக்காரர் சேலையைப் பார்த்ததும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மாள் எங்கள் காதில் கிசுகிசுத்தார். "அவரு தம்பி பொண்டாட்டி கட்டிக்கிட்டிருந்த சேலை மாதிரியே இருக்கு. இந்த வீடு கட்டுறதுக்கு முன்னாடி அவ கேரளாவுக்கு ஓடிப்போயிட்டாள்னாங்க. போனவ வரவே இல்லத்தா."

கணவன் தயங்கியும் அவள் கேட்கவில்லை. போலீசுக்குப் போனாள். மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். வேலையில் எங்களுக்குக் கை ஓடவில்லை. சாயங்காலம் செய்தி வந்தது. சேறும் ஒரு குடமும்தான், வேறு ஒன்றும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

பிறகு போலீஸ் அந்தப் பெண்ணின் தாய்வீட்டுக்குப் போய் விசாரித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. அவள் உயிரோடு இருந்தாள். திருப்பூரில், பனியன் கம்பெனியில். தாய்க்கு மட்டும் தெரியும்.

வாக்குமூலம் கொடுக்க வந்தவள் எங்கள் நிலையத்தைத் தேடி வந்தாள். மெலிந்த உடம்பு, அமைதியான முகம். "சத்தம் கேட்டது நீதானாம்மா?" என்று என் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தோழி நாவலைப் பற்றிச் சொல்லி, மேஜையிலிருந்த அதை எடுத்து அவளிடமே கொடுத்தாள். மறுக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். டீ வாங்கிக் கொடுத்தோம்.

"அடி தாங்க முடியல. விடியக்காலம் குதிச்சேன்" என்றாள். "அந்தக் கட்டை மேலயே விழுந்துட்டேன். சேலை சிக்கிக்கிச்சு, சாவ முடியல. திடீர்னு சாவப் பயமா இருந்துச்சு. அவுத்துப் போட்டுட்டு, சுவத்துக் குழியில கால வச்சு ஏறி வந்துட்டேன். பக்கத்துல கரும்புக் காடு. அதுக்குள்ள உக்காந்துக்கிட்டேன்."

"யாரும் தேடலையா?" என்று கேட்டேன்.

"எம் புருசனும் அவங்கண்ணனும் வந்தாங்க. கட்டையில சேலை மெதக்குறதப் பாத்தாங்க. நான் உள்ள கெடக்கேன்னு நெனச்சுட்டாங்க. ஒரு கயிறு போடல, ஒரு ஆளக் கூப்பிடல. இருட்டுறதுக்குள்ள கல்லக் கொண்டாந்து மூடிட்டாங்க. அம்புட்டையும் கரும்புக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா. என்னயத்தான மூடுறாங்க."

டீயைக் குடித்து முடித்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன் என்று எழுந்தவளோடு பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் நடந்தோம். வழியில் கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கி என் தோழி அவள் தலையில் வைத்துவிட்டாள்.